நீடாமங்கலம் கேட்

கேட் போட்டாச்சு.
இனி இருபது நிமிஷமோ நாற்பதோ,
மன்னார்குடி வண்டிக்கு
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்கள்.
கோரையாற்றில் முழுத் தண்ணீர்.
எங்கள் லாரியில், தார்ப்பாய்க்குள், ரேஸ் கார்.
நாளை மறுநாள் தகுதிச் சுற்று.
பின்னால் நாகப்பட்டினம் பஸ், வைக்கோல் டிராக்டர்,
ஜன்னல் ஜன்னலாக
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள்.

"சட்டத்தை இறக்குங்க" என்றாள் ரெஹானா.

சட்டம் என்பது
கூத்தாநல்லூர்ப் பட்டறையில் செபஸ்தியான் பற்றவைத்தது.
ஒரு அச்சு, ஒரு சக்கரம், ஒரே ஒரு நட்டு,
காரின் கால்பங்கு எடைக்கு
இரண்டு மூட்டை ஏடிடி நாற்பத்து மூன்று.

நான் ஜாக்கி.
ஏற்றுவதும் இறக்குவதும் நான்.
நடுவில் எனக்கு வேலை இல்லை,
அந்தச் சும்மா நிற்பதைத்தான்
எட்டு மாதமாகப் பழகுகிறேன்.

செபஸ்தியான் கையில் காற்றுத் துப்பாக்கி.
பழைய சக்கரத்தை இழுப்பவன் ராசகோபால்,
புதியதைச் செருகுபவன் நைனா முகமது.
ஓட்டுபவள் கேபினில் தூங்குகிறாள்.
திருத்துறைப்பூண்டிக்காரி, பெயர் செங்கொடி.
சிவப்புக் கொடி காட்டினால் பந்தயம் நின்றுவிடும்,
எங்களுடையது நிற்காது.

போன மாதம் கோவையில்
"ஓகே" என்று குரல் கேட்டு இறக்கினேன்.
அது பக்கத்து அணியின் ஓகே.
எங்கள் நட்டு பாதித் திருகில் இருந்தது.
செங்கொடி இரண்டாவது வளைவுவரை போனாள்.
சக்கரம் மூன்றாவது வளைவுவரை போனது.

யாரும் திட்டவில்லை.
ரெஹானா மட்டும் மடிக்கணினியில்
ஒரு கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள்.
பின் இடது சக்கரத்தின் வேகம்.
ஒழுங்காக வந்த கோடு
வரப்பில் கால் இடறியதுபோல் நடுங்கி,
அப்புறம் சுழியம்.
நூற்றிருபது சென்சார் இருக்கிறது காரில்.
நான் எதைக் கேட்டேன் என்பதற்கு
ஒன்றுகூட இல்லை.

முதல் முறை ஆறு புள்ளி இரண்டு.
அடுத்தது ஐந்து புள்ளி ஒன்பது.
பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி வந்துவிட்டார்கள்.
நட்டு சூடாகி, நைனாவின் கையுறை புகைந்தது.

கேட் அறையில் கீப்பர், எங்கள் வயதுதான்,
போனில் "நாப்பத்தி ஏழு" என்றாள்.
மறுமுனை சொன்ன எண்ணை எழுதினாள்.
திரும்பப் படித்தாள்.
"அதான் வண்டி போயிடுச்சே, திறம்மா" என்றார் கண்டக்டர்.
அவள் நிமிரவில்லை.

"அது என்ன நம்பர்?" செபஸ்தியானுக்கு வாய் சும்மா இருக்காது.

"சரின்னு யாரு வேணா சொல்லலாம்.
நம்பரைச் சொன்னாத்தான் அது ஸ்டேஷன் மாஸ்டர்."

ரெஹானா என்னைப் பார்த்தாள்.
நான் தரையைப் பார்த்தேன்.
செபஸ்தியான் மூட்டைகளைப் பார்த்தான்.
"இனிமே ஓகே கிடையாது, 'நெல்லு'ன்னு கத்துறேன்.
அந்த ஊர்ல வேற எவன்டா நெல்லுன்னு கத்தப்போறான்?"

சிரித்துக்கொண்டேதான் அடுத்ததைத் தொடங்கினோம்.
ஏற்றினேன்.
துப்பாக்கி அலறியது, ராசகோபால் இழுத்தான்,
சக்கரம் தார்ச்சாலையில் உருண்டு நின்றது.
அப்போது பார்த்து
கேட் தூக்கிக்கொண்டது.

எத்தனை ஹாரன்!
சக்கரம் இல்லாத சட்டம்
நடுரோட்டில், நெல்மூட்டையோடு.
டிராக்டர்க்காரர் எங்கள் தாயாரை விசாரித்தார்.
நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.
இறக்கு இறக்கு என்று உலகமே சொன்னது.
நின்றேன்.
எல்லாச் சத்தத்துக்கும் அடியில்,
முழங்கால் உயரத்திலிருந்து, ஒரு குரல்:

நெல்லு.

இறக்கினேன்.
உருட்டி ஓரம் சேர்த்தோம்.
"எவ்வளவு?" என்று நால்வரும் கேட்டோம்.
ரெஹானா வாட்சைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.
அழுத்தவே இல்லையாம்.
ரயிலின் கடைசிப் பெட்டியில்
யாரோ ஒரு குழந்தை கையசைத்ததாம்.

"ஒரு பிஞ்சு கடிக்கிற நேரம்" என்றாள் வெள்ளரிக்காரி,
காசு வாங்கியபடி.

குறிப்பேட்டில் அதையே எழுதினோம்.